மதிப்பெண் சான்றிதழோடு ஒரு மணி நேரமும் கொடுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம்.

பென்னாகரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் பதினாறு ஆண்டுகள் சவூதி அரேபியாவின் தம்மாமில், ஒரு கட்டுமான நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அங்கே மந்தூப் என்று ஒருவர் இருப்பார். தொழிலாளர்களின் இகாமா என்ற வசிப்பு அனுமதி அட்டை, விசா, காப்பீட்டுக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அரசு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது அவர் பாடு. அவருக்குக் கையாளாக இருந்ததில் அரபி பேசவும் ஓரளவு படிக்கவும் கற்றுக்கொண்டேன். இன்று என் கடைக்கு வருகிறவர்களில் பலர் நகல் எடுப்பதற்காக மட்டும் வருவதில்லை. "அண்ணா, இந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டு வருகிறார்கள்.

இதை மாவட்ட ஆட்சியருக்கோ வெளியுறவு அமைச்சகத்துக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு மாலைப்பொழுதைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு ஆடி மாதம். கடையை அடைக்கிற நேரம். ஏரியூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அப்பாவும் மகனும் வந்தார்கள். பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். புது ஷூ, புதுப் பெட்டி, நெற்றியில் திருநீறு. பெங்களூரில் விடியற்காலை விமானம். விசாத் தாளில் இரண்டு நகல் வேண்டும் என்றான். சவூதி விசாவை முன்பு பாஸ்போர்ட்டிலேயே ஒட்டிக் கொடுப்பார்கள். 2023ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து நம் நாட்டில் அது கியூஆர் குறியிட்ட தனித் தாளாக வருகிறது. அந்தத் தாளை நான்காக மடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, சட்டைப் பைக்குள் வைத்திருந்தான். கண்ணாடிமேல் விரித்து வைத்தேன். டிரைவர் வேலைக்குப் போகிறேன், வீட்டு வண்டி ஓட்ட வேண்டும் என்றான் பெருமையாக.

தொழில் என்ற கட்டத்தில் அரபியில் 'ராயி' என்று இருந்தது. நான்கே எழுத்துகள். டிரைவர் என்றால் 'சாயிக்' என்று இருக்க வேண்டும்.

"தம்பி, இது டிரைவர் விசா இல்லை. ஆடு, ஒட்டகம் மேய்க்கிற விசா" என்றேன்.

அப்பாவுக்குப் புரியவில்லை. இன்னொரு முறை படிக்கச் சொன்னார். எழுத்தின்மேல் விரலை வைத்துக் காட்டிப் படித்தேன். அவர் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பையன்தான் பேசினான். "ஆடு மேய்க்க வேண்டாம் என்றுதானே அண்ணா அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்?"

ஏஜென்டுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் கொடுத்திருந்தார்கள். அதில் எண்பதாயிரம் வட்டிக்கு வாங்கியது. மீதி, வீட்டிலிருந்த பதினோரு ஆடுகளை விற்ற பணம். ஏஜென்டுக்குப் போன் செய்தார்கள். விசாவில் எது எழுதியிருந்தாலும் அங்கே போனதும் மாற்றிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. போகாதே என்றேன். "போகாவிட்டால் வட்டியை யார் கட்டுவது?" என்று அப்பா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நகலுக்கு இரண்டு ரூபாயை மேசைமேல் வைத்துவிட்டு, தருமபுரி பஸ்ஸைப் பிடிக்கப் போனார்கள்.

ஒரு வாரம் முன்னால் அந்தத் தாளை யாராவது படித்துச் சொல்லியிருந்தால் ஆடுகளாவது மிஞ்சியிருக்கும்.

வேலையின் பெயர் மாறினால் சம்பளம்தான் மாறும் என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். சட்டமே மாறிவிடும் என்பது தெரிவதில்லை. சவூதித் தொழிலாளர் சட்டத்தின் 7ஆவது பிரிவு வீட்டு வேலைக்காரர்களையும் மேய்ப்பர்களையும் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிறுத்துகிறது. அவர்களுக்குத் தனி விதிகள்தான். 'ஆமில்' என்று எழுதியிருந்தால் தொழிலாளி. 'ஆமில் மன்ஸிலி' என்று பக்கத்தில் இன்னொரு சொல் சேர்ந்துவிட்டால் வீட்டு வேலைக்காரர். ஒரே ஒரு சொல்லில் வேலை நேரம், கணக்கு முடிக்கும் பணம், முதலாளியை மாற்றும் வழி எல்லாம் வேறாகிவிடும். குவைத்திலும் இதே கதைதான். நிறுவன வேலைக்கு 18ஆம் பிரிவு விசா, வீட்டு வேலைக்கு 20ஆம் பிரிவு விசா. நம் ஆட்கள் காதிம் விசா என்பது அந்த 20ஐத்தான். அதில் போனவர் அங்கிருந்து 18க்கு மாறுவது சாதாரண நாளில் நடக்காத காரியம். 2024இல் இரண்டு மாதம் கதவைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டார்கள். "போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொல்லும்போது இதில் ஒன்றைக்கூடச் சொல்வதில்லை.

இனி உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்பதற்கு வருகிறேன்.

அன்று அந்தப் பையனின் பாஸ்போர்ட்டையும் புரட்டினேன். இசிஆர், அதாவது வெளிநாடு போகுமுன் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு, அதில் இல்லை. பத்தாம் வகுப்பு தேறியவன். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக இசிஆர் என்று அச்சாகும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஒப்பந்தம் இருக்கிறதா, சம்பளம் எவ்வளவு, ஏஜென்ட் உரிமம் பெற்றவரா என்பதெல்லாம் இமைகிரேட் என்ற அரசு இணையதளத்தில் பதிவாக வேண்டும். பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் பிரீமியம். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடமானாலோ 10 லட்சம் ரூபாய்.

பத்தாம் வகுப்பு தேறிவிட்டால் இந்தக் கதவு எதுவும் கட்டாயமில்லை. படித்தவன் தன்னைப் பார்த்துக்கொள்வான் என்பது சட்டத்தின் எண்ணம். அந்த எண்ணம் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்து படித்தவனுக்கு விசாத் தாளைப் படிக்க நாம் கற்றுக்கொடுத்திருக்கிறோமா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே கடைசி இடம். அந்த இடத்திலிருந்து மேலே வர நீங்கள் பட்ட பாட்டை நான் அறிவேன். மலைக்கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை இழுத்துவந்து, தேர்ச்சி பெறவைத்து, மதிப்பெண் சான்றிதழைக் கையில் கொடுக்கிறீர்கள். அந்தச் சான்றிதழ்தான் அவன் பாஸ்போர்ட்டிலிருந்து இசிஆரை எடுக்கிறது. அரசின் காவல் விலகும் இடத்தில் கடைசியாக அவன் கையைப் பிடித்திருப்பவர்கள் நீங்கள்தான். அதன்பிறகு அவனுக்கு வழி சொல்கிறவர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்டின் ஆள்.

அந்த ஆளைப்பற்றி ஒரு வார்த்தை. அவர் பெரும்பாலும் உறவினராகவோ பக்கத்து ஊர்க்காரராகவோ இருப்பார். பெரிய ஏஜென்டுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பார். துணை ஏஜென்ட் என்று ஒருவரைச் சட்டம் ஏற்பதே இல்லை. உரிமம் பெற்ற ஏஜென்ட் ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாய். 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. அதையும் ரசீது கொடுத்து வாங்க வேண்டும். என் கடைக்கு வருகிறவர்களிடம் இந்தத் தொகையைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். "அவ்வளவு குறைவாகக் கொடுத்தால் நல்ல வேலை கிடைக்குமா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். இந்தக் கேள்விதான் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

'ஃப்ரீ விசா' என்று ஒன்றை விற்கிறார்கள். அப்படி ஒரு விசா எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. கஃபீல் என்ற பொறுப்பாளி முதலாளி ஒருவரின் பெயரில் விசா எடுத்து, அவருக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டு வெளியில் கிடைத்த இடத்தில் வேலை செய்வதற்குத்தான் அந்தப் பெயர். சவூதிச் சட்டத்தின் 39ஆவது பிரிவின்படி, தன் முதலாளி அல்லாத ஒருவரிடம் வேலை செய்வது குற்றம். இகாமா எடுக்கவும் புதுப்பிக்கவும் ஆகும் செலவு முதலாளியுடையது என்று 40ஆவது பிரிவு சொல்கிறது. ஃப்ரீ விசாவில் போனவர் அந்தச் செலவைத் தானே கட்டுகிறார், அதற்குமேல் கஃபீலுக்கும் கட்டுகிறார்.

காரிமங்கலம் பக்கத்துப் பெண் ஒருவர், கைக்குழந்தையோடு வந்து, கணவர் அனுப்பிய குரல் பதிவை என் மேசையில் வைத்து ஓடவிட்டார். கணவர் ரியாத்தில் ஃப்ரீ விசாவில் குழாய் வேலை செய்துகொண்டிருந்தார். இரண்டு மாதம் கஃபீலுக்குப் பணம் கட்ட முடியவில்லை. கஃபீல் அவரை ஹுரூப் என்று, அதாவது வேலையை விட்டு ஓடிவிட்டவர் என்று, பதிவு செய்துவிட்டார். அது தெரியாமலே அவர் நான்கு மாதம் வேலை செய்திருக்கிறார். வங்கி அட்டை நின்றபோதுதான் தெரிந்தது. மருத்துவமனைக்குப் போகப் பயம், தெருவில் நடக்கப் பயம். "நான் எங்கேயும் ஓடவில்லை, இங்கேதான் இருக்கிறேன்" என்று அந்தப் பதிவில் மூன்று முறை சொல்கிறார். இகாமா எண்ணைப் போட்டுத் தன் நிலையை மாதம் ஒருமுறை இணையத்தில் பார்த்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். அதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கடைசியில் பிடிபட்டு, நாடு கடத்தும் மையத்தில் இருந்துவிட்டு, வெறுங்கையோடு ஊர் வந்து சேர்ந்தார். திரும்ப அங்கே வேலைக்குப் போகும் வழியும் அடைபட்டுவிட்டது.

இங்கிருந்தபடியே அந்தப் பெண் என்ன செய்திருக்கலாம் என்பதும் அவருக்குத் தெரியாது. வெளியுறவு அமைச்சகம் 2015இல் தொடங்கிய 'மதத்' இணையதளத்தில் குடும்பத்தாரே புகார் பதியலாம். 1800 11 3090 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. இக்கட்டில் இருப்பவர்களுக்கு உதவ, 2009இல் தொடங்கிய இந்திய சமூக நல நிதி ஒவ்வொரு தூதரகத்திலும் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது. இவையெல்லாம் சென்னையிலும் டெல்லியிலும் பேசப்படுகின்றன. காரிமங்கலத்துக்கு வந்து சேரவில்லை.

துபாய்க்கு விசிட் விசாவில் போய் வேலை தேடலாம் என்பது இன்னொரு வலை. தேடலாம்; வேலை செய்யக் கூடாது. நாள் தாண்டினால் ஒரு நாளைக்கு 50 திர்ஹம் அபராதம். நூறு நாள் தாண்டியவன் கட்ட வேண்டியது நம் பணத்தில் ஒரு லட்சத்துக்கு மேல். 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அங்கே பொதுமன்னிப்பு கொடுத்தார்கள். எப்போதும் கொடுப்பார்கள் என்று நம்பிப் போகக் கூடாது. மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து 30 நாளுக்கு விசா வேண்டாம் என்பதால் உணவக வேலை என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அந்த 30 நாள் ஊர் சுற்றிப் பார்ப்பதற்கு. ஒரு தட்டு கழுவினாலும் குற்றம்தான்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளைகள் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள். அவர்களுக்கு வேறு தூண்டில். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம் என்பார்கள். விசா இல்லாமல் பாங்காக்கில் இறங்கியதும் வண்டியில் ஏற்றி, ஆற்றைக் கடந்து மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, இணைய மோசடி செய்யச் சொல்லி அடிக்கிறார்கள். 2025 மார்ச்சில் இரண்டே நாளில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் மீட்டுக்கொண்டு வர வேண்டியிருந்தது. கணினி வேலைக்கு எடுக்கிற நிறுவனம் சுற்றுலா நுழைவில் ஆளைக் கூப்பிடாது என்ற ஒரு வரி அவர்கள் மனத்தில் பதிந்தால் போதும்.

மேல்படிப்புக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனிக்குப் போகும் மாணவர் 2024 செப்டம்பரிலிருந்து மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் 11,904 யூரோ காட்ட வேண்டும். படிக்கும்போது ஆண்டுக்கு 140 முழு நாள்தான் வேலை செய்யலாம். அந்த யூரோத் தொகையைக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு, பகுதிநேர வேலையில் கடனையும் அடைத்துவிடலாம் என்று போடுகிற கணக்கு ஒத்துவராது. இவர்களுக்காவது கேட்க நாலு பேர் இருப்பார்கள் என்பதால் இதோடு விடுகிறேன்.

பெண்கள் விஷயத்தில் அப்படி விட முடியாது. இசிஆர் பாஸ்போர்ட்டில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். அவரைத் தனியார் ஏஜென்ட் அனுப்பவே கூடாது, அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும். நம் மாநிலத்தில் 1978 முதல் இருக்கிற அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அவற்றில் ஒன்று. இந்தத் தடையைத் தாண்டத்தான் விசிட் விசாவில் அனுப்புகிறார்கள். உங்கள் பள்ளிக்குக் கையெழுத்துப் போட வரும் தாய்மார்களிடம் உங்கள் ஆசிரியைகள் இதைச் சொன்னால் கேட்பார்கள். நான் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சிங்கப்பூரைப் பார்த்து ஏங்குகிறேன். அங்கே ஒர்க் பெர்மிட்டில் வேலைக்கு எடுக்கும் முதலாளி, ஆளை ஊரிலிருந்து கிளப்புவதற்கு முன்பே, முன் அனுமதிக் கடிதத்தை அவருடைய தாய்மொழியிலேயே அனுப்பிவைக்க வேண்டும் என்பது விதி. நம்மவருக்குத் தமிழில் வரும். நிலையான மாதச் சம்பளம் எவ்வளவு என்று அதில் இருக்கும். போன மாதம் இண்டூரிலிருந்து வந்த ஒருவர் அந்தக் கடிதத்தை என் கடையில் நின்று தானே சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு, "ஏஜென்ட் சொன்ன சம்பளத்தில் பாதிதான் இருக்கிறது" என்று நிமிர்ந்து பார்த்தார். பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொண்டார். இன்று உள்ளூரில் மரவள்ளி அறுவடைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அவருக்கு யார் உதவியும் தேவைப்படவில்லை. தாள் தமிழில் இருந்தது, அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும்; அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

எல்லா நாட்டுக்காரரும் தமிழில் தாள் அனுப்பமாட்டார்கள். அதனால் உங்களிடம் கேட்கிறேன். தேர்வு முடிவு வந்து, மதிப்பெண் சான்றிதழ் வாங்கப் பிள்ளைகளும் பெற்றோரும் பள்ளிக்கு வருகிற நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 'நான் முதல்வன்' திட்டத்தில் மேற்படிப்பு வழிகாட்டுதல் நடத்துகிறீர்கள். அதன் ஓரத்தில் இதற்கும் இடம் இருக்கும். அரபி கற்றுத்தரச் சொல்லவில்லை. ஒரு மாதிரி விசாத் தாளை விரித்து, இது வேலை விசாவா விசிட் விசாவா, தொழில் என்ற கட்டம் எது, முதலாளி பெயர் எது, எத்தனை நாள் என்று எங்கே இருக்கும் என்பதைக் காட்டுங்கள். தொழில் கட்டத்தைப் போனில் படம் எடுத்து மொழிபெயர்க்கும் செயலியில் போட்டால் அரைநிமிடத்தில் தமிழில் வந்துவிடும், அதைச் செய்துகாட்டுங்கள். இமைகிரேட் தளத்தில் ஏஜென்டின் உரிம எண்ணைத் தேடிக்காட்டுங்கள். இசிஆர் இல்லாதவரும் விரும்பினால் அதில் பதிந்துகொள்ளலாம் என்பதைச் சொல்லுங்கள். 35,400 என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதி, அன்று முழுவதும் அழிக்காமல் விட்டுவையுங்கள்.

பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் வெளிநாட்டு வேலையைப் பற்றிப் பேசினால் படிப்பை விட்டுவிடுவார்கள் என்று ஒரு தலைமையாசிரியர் என்னிடம் கவலைப்பட்டார். அந்தக் கவலை நியாயமானது. பிள்ளை இதை ஆறு வருடம் கழித்து மறந்தாலும், அன்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தகப்பனார் மறக்கமாட்டார். பணம் கொடுப்பவர் அவர்தான்.

என்னிடம் முப்பத்து நான்கு விசாத் தாள்களின் நகல்கள் இருக்கின்றன. உரியவர்களைக் கேட்டு வாங்கி, பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் படமும் தெரியாமல் கறுப்பு மையால் அடித்து வைத்திருக்கிறேன். சவூதி, குவைத், அமீரகம், ஓமன், சிங்கப்பூர், மலேசியா எல்லாம் உண்டு. ஏரியூர்ப் பையனின் தாளும் அதில் இருக்கிறது. நகல் போட்டதில் ஒன்று அன்று மேசையிலேயே தங்கிவிட்டது. பிறகு அவனிடம் போனில் கேட்டேன். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் அண்ணா என்றான். ஹாயில் நகரத்துக்கு வெளியே, பாலைவனத்தில் ஒரு மஸ்ராவில், அதாவது பண்ணையில், இருக்கிறான். கிணற்றடியில் ஓரிடத்தில்தான் சிக்னல் கிடைக்கிறது என்பதால் வெள்ளிக்கிழமைதோறும் அங்கே வந்து அப்பாவிடம் பேசுகிறான்.

எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் இந்தத் தாள்களோடு வருகிறேன். அஞ்செட்டியானாலும் சரி, சிட்லிங்கியானாலும் சரி. பஸ் செலவு என்னுடையது. செவ்வாய்க்கிழமை பிற்பகலில் கடை விடுமுறை. மற்ற நாளென்றால் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லி அனுப்புங்கள், கடையை என் மனைவி பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
பென்னாகரம் ஜெராக்ஸ் கடைக்காரர்